சீமையில் ஒரு வட்டாரமும் எங்கள் வண்டித்தடமும்

1

நம்மூர் வாசகசாலைக்கு வெள்ளிவிழாவாம். மலர் போடுகிறார்களாம். என்னோடு எஸ்.எஸ்.எல்.சி. படித்து, இப்போது அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கும் ராமலிங்கம் எழுதியிருக்கிறான். நான் இங்கிலாந்தில் ஒரு கிராமப்புற வட்டார கவுன்சிலில் இன்ஜினியராக இருப்பதால், அங்கே உள்ளாட்சி எப்படி நடக்கிறது என்று நாலு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். படித்துவிட்டு நம் ஜனங்கள் கொஞ்சம் திருந்தட்டும் என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறான்.

அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. காரணம் ராமலிங்கம் அல்ல. அதே வாரத்தில் நாமகிரிப்பேட்டையிலிருந்து இன்னொரு கவரும் வந்திருந்தது. என் தம்பி செல்வராசு அனுப்பியது. உள்ளே இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு சத்தியப் பிரமாணம். எங்கள் கிணற்றுமேட்டுத் தோட்டத்தின் வழியாக எக்காலத்திலும் வண்டித்தடமோ நடைபாதையோ இருந்ததில்லை, பிறந்தது முதல் எனக்கு இது நேரடியாகத் தெரியும் என்று நான் சொல்வதாக அதில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் எங்கள் அத்தை பாவாயி போட்ட வழக்கு தோற்றுப்போகும். அத்தைக்கு இருப்பதே அந்தத் தடத்தின் முடிவில் உள்ள இரண்டு ஏக்கர்தான்.

‘நீங்கள் சீமையில் பெரிய உத்தியோகத்தில் இருப்பதால் உங்கள் வார்த்தைக்கு கோர்ட்டில் மதிப்பு ஜாஸ்தி’ என்று தம்பி எழுதியிருக்கிறான். ஒருவன் என்னைத் திருத்துகிறவனாக நினைக்கிறான், இன்னொருவன் பொய்சாட்சியாக நினைக்கிறான். இருவருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

2

முதலில் ராமலிங்கம் கேட்டது. எங்கள் வட்டாரம் எழுபத்து நாலில் உருவானது. நாலு பழைய கவுன்சில்களை ஒன்றாகப் போட்டுக் கட்டினார்கள். பத்து வருடம் கழித்தும் அந்த நாலு ஊர்க்காரர்களும் ஒரே மேசையில் தனித்தனியாகத்தான் உட்காருகிறார்கள். தட்டையான பூமி. கோதுமையும் சர்க்கரை எடுக்கும் பீட்கிழங்கும் பன்றிப் பண்ணையும். அறுபதுக்கு மேல் சிற்றூர்கள், நடுவில் வியாழக்கிழமை சந்தை கூடும் ஒரே ஒரு டவுன். கவுன்சில் அலுவலகம் இருப்பது, முன்பு கதியற்ற ஏழைகளை அடைத்துவைத்து வேலை வாங்கிய கட்டடத்தில். இப்போது எங்களை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

அதிகாரம் மூன்று அடுக்கு. கீழே ஊர் கவுன்சில், நம் பஞ்சாயத்து மாதிரி. நடுவில் வட்டாரம், நம் யூனியன் மாதிரி. மேலே ஜில்லா. வேலையைப் பங்கு போட்ட அழகைக் கேளுங்கள். வீட்டுக் குப்பையை அள்ளுவது வட்டாரம்; அள்ளிய குப்பையைக் கொட்டுவது ஜில்லா. ரோடு ஜில்லாவுடையது, அதே ரோட்டிலுள்ள விளக்கு சில இடங்களில் ஊருடையது. நான் பதினோரு வருடமாகக் குனிந்து பார்க்கும் சாக்கடை எங்களுடையதே அல்ல. தண்ணீர் வாரியத்துடையது, நாங்கள் அதற்கு ஏஜெண்டு. ஒரு கிழவி வீட்டில் சாக்கடை பொங்கினால் அது யாருடைய பொங்கல் என்று தீர்மானிக்கவே மூன்று கடிதம் போகும்.

உறுப்பினர்கள் பெரும்பாலும் பெரிய விவசாயிகள், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள். பாதி ஊர்களில் போட்டியே கிடையாது. செத்தால்தான் சீட்டு காலியாகும். கிராமத்துக்குப் பஸ் வாரத்தில் இரண்டு நாள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று பள்ளிக்கூடங்களை மூடுகிறார்கள். கவுன்சில் கட்டிய வீடுகளைக் குடியிருப்பவர்களுக்கே விற்றுத் தள்ளுகிறார்கள், அடுத்து வருகிற ஏழை எங்கே போவான் என்று கேட்டால் அது வேறு கமிட்டியின் பொருள் என்கிறார்கள். ஆனால் சர்ச்சுக்கு எதிரில் போடும் பெஞ்சுக்குப் பச்சை அடிப்பதா பழுப்பு அடிப்பதா என்று முக்கால் மணி நேரம் பேசியதை நானே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். உங்கள் ஜன்னலை நீங்கள் மாற்ற அனுமதி வேண்டும். உங்கள் மரத்தை நீங்கள் வெட்ட அனுமதி வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரு விண்ணப்பப் பாரம், மூன்று நகல்.

இதுதான் ராமலிங்கம், நீ கேட்ட சீமை உள்ளாட்சி. இதைப் படித்து யாராவது திருந்தினால் எனக்கு எழுது.

3

நானும் இந்த வட்டாரத்தில் ஒரு நிலக்காரன். வேலைக்கு வந்த வருடமே ஊர் ஓரத்தில் பழைய வீடு ஒன்றும், பின்னால் ஒண்ணரை ஏக்கர் புல்தரையும் வாங்கினேன். நகரத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டுச் சுவரில் எங்கள் சுவர் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து வரப்பு பார்த்து வளர்ந்தவனுக்கு அது எப்படிப் பிடிக்கும். சொந்த மண் வேண்டும் என்று அடம் பிடித்து வாங்கினேன்.

வாங்கிய பிறகுதான் கவனித்தேன். என் புல்தரையின் குறுக்கே ஆட்கள் நடக்கிறார்கள். நாயோடு நடக்கிறார்கள், கூடையோடு நடக்கிறார்கள், என்னைப் பார்த்துக் குட்மார்னிங் வேறு சொல்கிறார்கள். பத்திரத்தோடு வந்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பக்கத்து ஊர் எல்லைவரை நடைபாதைக்குப் புள்ளிக்கோடு வருகிறது. என் நிலத்துக்குள் அது இல்லை.

நம் பக்கத்து ஆளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? என் அப்பா சொல்வார்: “நடக்க உட்டா நாளைக்கு வண்டி உடுவான். வண்டி உட்டா நெலமே அவனுதும்பான்.” எங்கள் பக்கத்தில் பிள்ளை பேசத் தொடங்கும் முன்பே தடத்தகராறு என்ற சொல்லைக் கேட்டுவிடும். யாரும் உரிமை கொண்டாடக் கூடாதென்று வருடத்தில் ஒரு நாளாவது வழியில் முள்ளை வெட்டிப் போட்டு அடைக்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. ஆனாலும் வந்த புதிதில் பயந்துகொண்டு பேசாமல் இருந்தேன். வேலை நிரந்தரமாகி, வீட்டுக்கடன் பாதி தீர்ந்து, எனக்கும் இந்த ஊரில் காலூன்றியாயிற்று என்று தோன்றியதும், போன வருடம் வசந்தத்தில் இரண்டு பக்கமும் கம்பி வேலி போட்டேன். வேலி போட்டு முடித்த அன்று எனக்கு வந்த நிம்மதி, இந்தத் தேசத்தின் பாஸ்போர்ட் கையில் கிடைத்த அன்றுகூட வரவில்லை.

மூன்றாம் நாள் மிஸஸ் டாசன் வந்தார். ஊர் கவுன்சிலின் எழுத்தர், எழுபதைத் தாண்டியவர். சண்டை போடவில்லை. இருபது வருடம் தடையில்லாமல் ஜனங்கள் நடந்திருந்தால் வரைபடத்தில் இல்லாவிட்டாலும் அது பொதுப்பாதை என்று சட்டம் இருக்கிறது, ஊர் சார்பில் விண்ணப்பம் போடப் போகிறேன், உங்களிடம் முதலில் சொல்வது மரியாதை என்று வந்தேன் என்றார். தேநீர் குடித்துவிட்டுப் போனார். என் மனைவி ருக்மணி பிஸ்கட் வேறு வைத்தாள்.

4

பிறகு நடந்தது மூன்றடுக்குக் கூத்து. ஊர் விண்ணப்பிக்கிறது, வட்டாரம் கருத்துச் சொல்கிறது, ஜில்லா தீர்மானிக்கிறது. கருத்துச் சொல்லும் கமிட்டியில் என் மேலதிகாரி உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சம்பளம் தருகிற கவுன்சிலே என் நிலத்தைப் பற்றிப் பேசுகிறது, நான் பொதுஜன வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். ஓர் உறுப்பினர் எழுந்து, நம் நண்பர் வெளிநாட்டிலிருந்து வந்தவர், வழிநடை உரிமை என்பதெல்லாம் அவருக்குப் புதிது, தெரியாமல் செய்துவிட்டார் என்று பரிந்து பேசினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வழி மறிப்பது எனக்குப் புதிதா? அந்த ஆள் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

அந்த ஆள் யார் தெரியுமா? எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் ஆயிரம் ஏக்கர்க்காரர். வரைபடத்திலேயே உள்ள பாதையை உழுது கோதுமை போட்டுவிட்டார். அவருக்குக் கவுன்சில் ஆறு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறது. என் வேலி ஏழு மாதத்தில் போய்விட்டது. ஆகவே சீமைக்காரன் யோக்கியன் என்று மலரில் தலைப்புப் போட்டுவிடாதே ராமலிங்கம். இங்கேயும் ஆளைப் பார்த்துத்தான் சட்டம் நடையை வேகப்படுத்துகிறது.

தீர்ப்புக்கு முன்னால் எனக்கு ஒரு கட்டு வந்தது. ஊர்க்காரர்கள் நிரப்பிக் கொடுத்த சாட்சிப் பாரங்களின் நகல்கள். எதிராளியின் சாட்சியம் முழுவதையும் எனக்கே அனுப்பிவைக்கும் முறை இங்கே உண்டு. எங்கிருந்து எங்கே நடந்தீர்கள், எத்தனை வருடம், நடந்தா வண்டியிலா, யாரிடமாவது அனுமதி கேட்டீர்களா, யாராவது தடுத்தார்களா என்று வரிசையாகக் கேள்வி. பதினெட்டுப் பாரம் இருந்தது. பதினேழாவதைப் புரட்டும்போது கையெழுத்து பழக்கமாக இருந்தது. என் மகள் வாணி.

பதினேழு வயது. கைக்குழந்தையாக இங்கே வந்தவள். பத்து வருடமாக, பள்ளிக்கூட பஸ்ஸைப் பிடிக்க, நடந்து, அனுமதி கேட்டதில்லை என்று எழுதியிருந்தாள். யாராவது தடுத்தார்களா என்ற இடத்தில், ‘இந்த வருடம் வரை இல்லை. இப்போது என் தந்தை’ என்று எழுதியிருந்தாள்.

நான் வீடே அதிரும்படி கத்தினேன். இங்கே பேச்சுக்கு நடுவில் அவள் நம்ம ஊர் என்று சொன்னால் அது இந்தப் பன்றிப் பண்ணை ஊராக இருக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பெற்றவனுக்கு எதிராகச் சாட்சி எழுதுவாள் என்று நான் நினைத்தேனா? எந்தக் கவுண்டன் வீட்டில் இப்படி நடந்திருக்கிறது என்று கேட்டேன். அவள் அழவில்லை. அம்மாவிடம் கற்ற தமிழில் நிதானமாகச் சொன்னாள்:

“நெலம் நம்முளுது தானுங்கப்பா. நடந்தது நானு. நடக்கலீன்னு எப்படீங்க எழுதறது?”

ருக்மணியைப் பார்த்தேன். அவளாவது அதட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, அவ நடந்தது நெசந்தானுங்களே என்றாள். அன்றிலிருந்து நான் வாணியிடம் பேசவில்லை. ஆறு மாதம். சாப்பாடு வேண்டுமா என்பதைக்கூட ருக்மணி மூலமாகத்தான் கேட்பேன். அந்த வித்தையும் நம் ஊரில் கற்றதுதான்.

பாதை பதிவாயிற்று. வேலியைப் பிரித்தேன். மறுநாள் மிஸஸ் டாசன் பிளம் பழ ஜாம் ஒரு ஜாடி கொண்டுவந்து கொடுத்தார். ஜெயித்தவர் ஜாம் கொண்டுவந்தால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நம் பக்கத்தில் தடவழக்கு என்றால் மூன்று தலைமுறைக்குச் சாவு வீட்டுக்குக்கூடப் போகமாட்டோம். அந்த ஜாம் எனக்கு அவமானமாக இருந்தது. வாணி அதை ரொட்டியில் தடவித் தின்றபோது இன்னும் அவமானமாக இருந்தது.

5

இப்போது தம்பியின் காகிதம். விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாவாயி அத்தை என் அப்பாவுடன் பிறந்தவர். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தது. மாமா காலமாகிப் பல வருடமாயிற்று. அத்தையும் மகன் மாணிக்கமும் அந்த இரண்டு ஏக்கரில் மஞ்சளும் மரவள்ளியும் போடுகிறார்கள். மெயின் ரோட்டிலிருந்து அங்கே போக எங்கள் கிணற்றுமேட்டை ஒட்டி வண்டித்தடம். அப்பா இருந்தவரை, முணுமுணுத்துக்கொண்டே என்றாலும், வண்டி போயிற்று.

அப்பா போனபின் தம்பி சேகோ ஆலை போட்டான். ஜவ்வரிசி காயப்போட சிமெண்ட் களம் வேண்டும். களத்தைத் தடத்தின் மேலேயே போட்டுச் சுவரும் எழுப்பிவிட்டான். அத்தை இப்போது ஏரிக்கரையைச் சுற்றித்தான் போகவேண்டும். மழைக்காலத்தில் அங்கே முழங்கால் சேறு, வண்டி இறங்காது. மரவள்ளிக் கிழங்கைத் தலைச்சுமையாக எத்தனை நாள் சுமப்பார்கள்? போன போகம் பாதிக் கிழங்கு மண்ணிலேயே கிடந்ததாம். ‘நல்ல விலைக்கு நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன் அண்ணா, அத்தைதான் பிடிவாதம்’ என்று எழுதுகிறான். வழியில்லாத நிலத்தை வேறு எவன் வாங்குவான்? வழியை அடைத்தவனே வாங்க வருகிறான். இதற்குப் பெயர் நல்ல விலையா, செல்வராசு?

இப்படி இப்போது எழுதுகிறேனே தவிர, காகிதம் வந்த அன்று நான் இவ்வளவு உத்தமனாக இல்லை. உள்ளதைச் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டுவிடத்தான் இருந்தேன். கூடப் பிறந்தவன், அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவன், குடும்பச் சொத்து. டவுனில் ஒரு வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட சனிக்கிழமை நேரம் கூட வாங்கிவிட்டேன். காகிதம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. இங்கிலீஷில் இருந்ததால் வாணி படித்துவிட்டாள். ஆறு மாதம் கழித்து அவளாக என்னிடம் பேசினாள்.

“எக்காலத்திலும் இல்லைன்னு போட்டிருக்குதுங்க. ஊருக்குப் போயிருந்தப்ப நாம அதுல நடந்துதானுங்களே பாவாயி பாட்டி காட்டுக்குப் போனோம்.”

எண்பத்தொன்றில் குடும்பத்தோடு போயிருந்தோம். அத்தை முன்னால் நடந்து, பச்சைக் கடலைச் செடியைப் பிடுங்கி வாணியின் மடியில் போட்டுக்கொண்டே போனார். எனக்கும் அது நினைவில் இருந்தது. இல்லை என்று வாணியிடம் சொல்ல வாய் திறந்தேன். பெரியவர்கள் விஷயத்தில் தலையிடாதே என்றுதான் வந்தது. அவள் தட்டைக் கழுவிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. யார்மீது என்று பார்த்தேன். இந்த வட்டாரத்தின் மீதும் அதன் மூன்றடுக்கின் மீதும் எனக்கு ஆயிரம் கோபம் உண்டு. ஆனால் இங்கே என் பாதை வழக்கில் பதினெட்டுப் பேரில் ஒருவர்கூட ஒரு வருடத்தைக் கூட்டிச் சொல்லவில்லை. கூட நடந்த நாயின் பேரைக்கூட எழுதியிருந்தார்கள். நம் ஊரில் அந்தத் தடத்தில் நடக்காத ஆள் கிடையாது. ராமலிங்கம், நீயும் நடந்திருக்கிறாய். மாணிக்கத்துக்காகச் சாட்சி சொல்ல இதுவரை ஒருத்தர் வரவில்லை என்று கேள்வி. ஆலை முதலாளியைப் பகைக்க முடியாதாம். மலருக்கு நன்கொடை கொடுத்தவர் பட்டியலில் அவன் பெயர்தான் முதலில் இருக்கும், எனக்குத் தெரியும்.

6

சனிக்கிழமை அந்த வக்கீலிடம் போனேன். தம்பியின் காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. இங்குள்ள பாரத்தின் கேள்விகளையே வரிசையாக வைத்து, பதிலை நானே டைப் அடித்துக் கொண்டுபோனேன். ஒரு பிரதி மாணிக்கத்துக்கு, ஒரு பிரதி செல்வராசுக்குத் தபாலில் போயாயிற்று. அம்மா இனி என்னோடு பேசுவாரா என்று தெரியவில்லை. தமிழில் என் வாக்குமூலம் இப்படி. மலரில் போட முடியாது என்றால் ராமலிங்கம், முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடு. வட்டாரக் கட்டுரையை மட்டும் தனியாகப் பிரித்துப் போட நான் சம்மதிக்கவில்லை.

எங்கிருந்து எங்கே: மெயின் ரோட்டுப் புளியமரத்திலிருந்து, எங்கள் கிணற்றுமேட்டை ஒட்டி, பாவாயி அத்தையின் தோட்டம் வரை.

எத்தனை வருடம்: நினைவு தெரிந்த நாளிலிருந்து ஊரைவிட்டு வரும்வரை. பிறகு எண்பத்தொன்றில், மனைவி மகளோடு.

நடந்தா, வண்டியிலா: இரண்டும். மாமாவின் மாட்டுவண்டியில் மஞ்சள் மூட்டைமேல் உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

அனுமதி கேட்டதுண்டா: அத்தை யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

யாராவது, எப்போதாவது, தடுத்ததுண்டா: உண்டு. நான் சேலத்தில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தபோது, கிணற்றுத் தண்ணீர் முறையில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் தகராறு. லீவில் வந்திருந்த என்னைத் தடத்தை அடைக்கச் சொன்னார் அப்பா. நானே இலந்தை முள் வெட்டி, நானே குறுக்கே போட்டு, பக்கத்திலேயே நின்றேன். அத்தை தலையில் சோளத்தட்டுக் கட்டோடு வந்தார். முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்து, “சாமி, நானு எப்படிப் போவட்டும்?” என்று கேட்டார். சுத்திப் போங்க அத்தை, அப்பா சொல்லியிருக்காருங்க என்றேன். கட்டை இறக்கி வைக்கக்கூட நான் கை கொடுக்கவில்லை. அத்தை திரும்பி ஏரிக்கரை வழியாகப் போனார். மூன்று நாள் அப்படிப் போனார்.

மேற்கண்டவை யாவும் உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.